வெயிலடிக்குது, கடலுக்குப் போகக் கூடாதாம்

டிசம்பர் 15, பாளையங்கோட்டை

நான் ஆத்தங்கரைக்காரன். கல்லிடைக்குறிச்சியில் பிறந்து தாமிரபரணியில் முங்கி வளர்ந்தவன். எங்கள் வீட்டில் கடல் என்றால் திருச்செந்தூர்தான். அதுவும் மொட்டைத் தலையோடு ரெண்டு முங்கு, நாழிக்கிணற்றில் ஒரு வாளி, முடிந்தது. ஐம்பது வயதுவரை கடலோரத்தில் ஓர் இரவுகூடத் தங்கினதில்லை.

இந்தப் பயணத்துக்குக் காரணம் அக்கா மகன். நார்வேயில் பெர்கன் பக்கம், எண்ணெய்க் கிணறுகளுக்குச் சாமான் கொண்டுபோகும் கப்பலில் வேலை பார்க்கிறான். டிசம்பர் வந்தால் அவனுடைய வாட்ஸப் முழுக்கக் கடல்தான். "மாமா, இன்னைக்கு அலை ஆறு மீட்டர். பகல் ஆறு மணி நேரந்தான். காத்து எட்டு." எட்டு என்பது பியூஃபோர்ட் அளவு, மணிக்கு 62 முதல் 74 கிலோமீட்டர். போன வாரம் அவன் கேட்டான்: "நம்ம ஊர்க் கடல் மார்கழியில எப்படி இருக்கும் மாமா?"

எனக்குத் தெரியவில்லை. திருநெல்வேலிச் சீமையில் பிறந்தவன், பதில் தெரியாமல் ஒரு ஸ்மைலியை அனுப்பினேன். மறுநாள் லீவு எழுதிக் கொடுத்துவிட்டேன். போகும்போதே குமரிக்கடலில் காற்றழுத்தத் தாழ்வு என்று செய்தி வந்தது. வீட்டில் திட்டு. எனக்கு உள்ளுக்குள் குஷி. அலை ஆளுயரத்துக்கு வரும், போட்டோ எடுத்து நார்வேக்கு அனுப்பலாம் என்று நினைப்பு.

டிசம்பர் 16, முதலூர் வழியாக உவரி

சாத்தான்குளத்தில் பஸ் மாறி, முதலூரில் இறக்கிவிடச் சொல்லி நடத்துநரிடம் மூன்று தடவை சொன்னேன். சொல்கிறேன் என்றவர் மறந்துவிட்டார். தட்டார்மடத்தில்தான் எனக்கு விவரம் தெரிந்தது. திரும்பி வர ஆட்டோ 150 ரூபாய். கால் கிலோ மஸ்கோத் அல்வா 70 ரூபாய். கணக்குப் பார்த்தால் 220 ரூபாய் அல்வா. ஆனாலும் குறையில்லை. திருநெல்வேலி டவுன் அல்வா நெய்யில் மினுங்கும். இது தேங்காய்ப்பாலில் கிண்டியது, கையில் ஒட்டாது, தொண்டையில் இறங்கும்போது லேசான தேங்காய் வாசனை. முதலூர் 1799-இல் உண்டான கிறிஸ்தவக் குடியேற்றம், இந்தப் பக்கத்தில் முதலாவது, அதனால்தான் அந்தப் பேர். அந்த ஊரில் அல்வாக் கடைக்காரர் என்னைக் கேட்டது ஒன்றே ஒன்று: "மழை வருமா சார்?" பேப்பர் கையில் இருந்ததால் கேட்டிருப்பார். தெரியாது என்றேன். இரண்டாவது தடவை.

திசையன்விளை தாண்டினதும் செம்மண் தேரி, பனை, முள்ளு. அப்புறம் சட்டென்று கடல். நான் எதிர்பார்த்த கருத்த வானம் இல்லை. கழுவித் துடைத்த மாதிரி நீலம். வெயில் சுள்ளென்று அடிக்கிறது. ஆனால் காற்று மட்டும் வடகிழக்கிலிருந்து நிற்காமல். பஸ்ஸை விட்டு இறங்கி ஐந்து நிமிஷத்தில் சட்டைப்பையிலிருந்த பஸ் டிக்கெட் பறந்தது, அடுத்து தொப்பி. தொப்பியை ஒரு பையன் விரட்டிப் பிடித்துக் கொடுத்தான். "இது வாடை சார். தொப்பிக்குக் கயிறு கட்டணும்" என்றான். பத்து வயசு இருக்கும்.

கடற்கரையில் ஃபைபர் வள்ளங்கள் வரிசையாக, வழக்கத்தைவிட மேலே, மணலுக்குள் ஏற்றி வைத்திருந்தார்கள். எஞ்சினைக் கழற்றி வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். கரை முழுக்க மண்ணெண்ணெய் வாசமும் வலையின் வாசமும். கோயில் மைக்கில் அறிவிப்பு கேட்டது. மன்னார் வளைகுடா, குமரிக்கடல், தென் தமிழகக் கடலோரம்: மணிக்கு 45 முதல் 55 கிலோமீட்டர், இடையிடையே 65 கிலோமீட்டர் வேகத்தில் சூறாவளிக்காற்று, மீனவர்கள் கடலுக்குப் போக வேண்டாம்.

"வெயிலடிக்குது, போகக் கூடாதாம்" என்று டீக்கடை அக்கா சொன்னார். குறையாகச் சொன்னாரா, கேலியாகச் சொன்னாரா என்று அப்போது புரியவில்லை. கருப்பட்டிக் காபி 20 ரூபாய்.

தங்கின அறையில் ஜன்னல் கொக்கி போயிருந்தது. ராத்திரி முழுக்க டக், டக். பழைய பேப்பரை மடித்துச் செருகினேன். மூன்று மணிக்கு அதுவும் பறந்தது.

டிசம்பர் 17, உவரி

காலையில் கப்பல் மாதா கோயிலைப் பார்த்தேன். கப்பல் மாதிரியே கட்டியிருக்கிறார்கள். கடலுக்குப் போகாத நாளில் அது ஒன்றுதான் கடலைப் பார்த்து நின்றது. கரையோரமாகக் கொஞ்ச தூரம் நடந்தால் சுயம்புலிங்க சுவாமி கோயில். நேர்ந்துகொண்டவர்கள் கடலோரத்து மண்ணை ஓலைப்பெட்டியில் அள்ளித் தலையில் சுமந்துவந்து மேட்டில் கொட்டுகிறார்கள். ஒரு அம்மாள் சுமந்து வந்ததில் பாதியை வழியிலேயே காற்று வாங்கிக்கொண்டது. மகள் கணக்கு வைத்துக்கொண்டிருந்தாள். "அம்மா, இது பாதிதான், எண்ண மாட்டேன்." "கடவுளுக்குத் தெரியும்ட்டீ, நீ எண்ணு."

மத்தியானம் வலை பொத்துகிற இடத்தில் உட்கார்ந்தேன். எட்டுப் பேர். முதல் அரை மணி நேரம் யாரும் என்னைக் கண்டுகொள்ளவில்லை. அதுவே மரியாதை என்று எடுத்துக்கொண்டேன். பிறகு எழுபது வயதிருக்கும் ஒரு பெரியவர், "தம்பி எங்ஙன இருந்து வாரிய?" என்றார். கல்லிடைக்குறிச்சி என்றதும், "ஓ, அப்பளத்து ஊரா" என்றார். எங்கள் ஊரைக் கடலோரத்தில் அப்படித்தான் தெரிகிறது.

பெரிய அலையைப் பார்க்க வந்தேன் என்றேன். சிரித்துவிட்டார்கள்.

"அதுக்கு ஆனி ஆடில வரணும். கச்சான் அடிக்கும்போது வாங்க, கரையில நிக்க முடியாது. இது வாடை. அலை இம்புட்டுத்தான் இருக்கும்."

கச்சான் என்பது தென்மேற்குக் காற்று, வாடை வடகிழக்குக் காற்று. எனக்கு ஏமாற்றம். பனிக்காலக் கடல்தான் முரட்டுக் கடல் என்று அக்கா மகனைக் கேட்டுக் கேட்டு நானாகவே முடிவு கட்டியிருந்தேன். இங்கே அப்படியில்லை. வடகிழக்கிலிருந்து காற்று வரும், ஆனால் வங்கக்கடல் அலை நேராக வர முடியாது. இலங்கை குறுக்கே கிடக்கிறது, ராமேசுவரத்துக்கும் தலைமன்னாருக்கும் நடுவே மணல்திட்டு வேறு. பெரியவர் மணலில் விரலால் கோடு போட்டுக் காட்டினார். "அலையை இலங்கை தடுத்துரும். காத்தைத் தடுக்குமா?" தென்மேற்குக் காலத்தில் அந்த மறைவு கிடையாது. இந்தியப் பெருங்கடல் நேரே வந்து இந்தக் கரையில் மோதும்.

அப்படியென்றால் எதற்கு இந்தத் தடை என்று கேட்டேன்.

அவர் என்னை எழுப்பி நிற்க வைத்தார். "கரையைப் பாக்காதிய. அங்ஙன பாருங்க, வானம் தொடுற இடம். வெள்ளை வெள்ளையா வெட்டுதா?" உற்றுப் பார்த்தேன். ஆமாம். கரைப் பக்கம் மெல்லிய நீலம். தூரத்தில் கோலமாவு சிதறின மாதிரி நுரை. "அங்க முப்பதடி வள்ளத்தோட ஒருத்தன் இருந்தா, போகும்போது காத்து முதுகுல தள்ளும், சுகமாப் போவான். திரும்பும்போது எதிர்க்காத்து. எஞ்சின் நின்னுச்சுன்னா தெக்க, தென்மேக்க இழுத்துட்டுப் போயிரும். நீவாடும் அந்தப் பக்கந்தான்."

நீவாடு என்பது நீரோட்டம். கார்த்திகை, மார்கழியில் கிழக்குக் கரையோர நீரோட்டம் தெற்கு பார்த்து ஓடும். ஆடிக் காலத்தில் போக்கு மாறிவிடும். ஆக, காற்றும் நீரோட்டமும் சேர்ந்து வள்ளத்தைக் குமரிக்கடல் தாண்டி வெளியே தள்ளும். கரையில் நிற்கிறவனுக்கு வெயிலும் நீலமும் மட்டும்தான் தெரியும்.

2017 நவம்பர் 30-ஐ யாரோ சொன்னார்கள். ஒக்கி. அந்தப் பேச்சு வந்ததும் ஊசி நின்றது. இலங்கைக்குத் தென்மேற்கே உருண்டுகொண்டிருந்த தாழ்வு ஒரே நாளில் புயலாகி, குமரிக்குப் பக்கத்தில் கடலுக்குப் போயிருந்தவர்கள்மேல் விழுந்தது. எச்சரிக்கை வருவதற்கு முன்பே பலர் ஆழ்கடலுக்குப் போய்விட்டார்கள். "அதுக்கு முந்தி ரேடியோ சொன்னா சிரிப்போம். அதுக்கப்புறம் சிரிக்கலை" என்றார் ஒரு நடுவயதுக்காரர். அவர் உவரிக்காரர் இல்லை, குமரி மாவட்டத்திலிருந்து பெண் எடுத்தவர். மச்சினன் திரும்பி வரவில்லை. அதற்குமேல் அவரும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை.

ஆனால் எல்லோரும் ஒத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள் என்று நினைத்துவிடாதீர்கள். ஓர் இளைஞன் பொருமினான். குமரிக்கடலையும் மன்னார் வளைகுடாவையும் ஒரே வாக்கியத்தில் போட்டுவிடுகிறார்கள், நாலு மைலுக்குள் நெத்திலி பிடிக்கிறவனுக்கும் நாற்பது மைல் போகிறவனுக்கும் ஒரே உத்தரவு என்றான். மூன்று நாள் கூலி போச்சு, கிறிஸ்துமஸ் வருது, பிள்ளைகளுக்குத் துணி எடுக்கணும். அவன் சொல்வதும் நியாயமாகவே பட்டது. பெரியவர் மறுத்துப் பேசவில்லை. நூலைப் பல்லால் கடித்து அறுத்துவிட்டு, "துணி தைப்பொங்கலுக்கும் எடுக்கலாம்ல" என்றார்.

சாயங்காலம் அலையை எண்ணிப் பார்த்தேன். வேறு வேலை இல்லை. சின்ன அலைகள் நாலைந்து வினாடிக்கு ஒன்று, படபடவென்று. ஆனால் நடுவில் நடுவில், சத்தமில்லாமல், மெதுவாகத் தடித்து எழும்பி வருகிற அலை ஒன்று. கைபேசியில் நேரம் வைத்துப் பார்த்தால் பதின்மூன்று, பதினாலு வினாடிக்கு ஒன்று. அக்கா மகனுக்கு எழுதினேன். உடனே கூப்பிட்டான், பின்னால் கப்பல் எஞ்சின் இரைச்சல்.

"சூப்பர் மாமா! சின்னது உங்க காத்து போட்ட அலை. இடைவெளி அதிகமா வர்றது தெக்கே, ரொம்ப தூரத்துப் புயல் போட்டது. அண்டார்டிகாவுக்குப் பக்கத்துக் கடல்ல இருந்துகூட வரும். நாள்கணக்கா நடந்து வந்து உங்க காலை நனைக்குது. ரெண்டு கடல் ஒண்ணுமேல ஒண்ணு இருக்கு, பாருங்க."

இந்தத் தூரத்து அலை சித்திரை, வைகாசியில் காற்றே இல்லாத நாளில் பெருத்து வந்து கரையேறுவதைத்தான் மலையாளத்தில் கள்ளக்கடல் என்கிறார்கள். ஹைதராபாத்தில் இருக்கிற கடல்சார் தகவல் மையம் இப்போது அதற்கும் தனியாக எச்சரிக்கை கொடுக்கிறது. அவன் பேசிக்கொண்டிருக்கும்போதே அப்படி ஒன்று வந்து முழங்கால்வரை ஏறியது. கைபேசி தப்பித்தது. செருப்பில் ஒன்று போய்விட்டது.

ராத்திரிச் சாப்பாடு: கடலில் மீன் இல்லாத நாளில் கடலோர ஊரில் என்ன சாப்பாடு? கருவாடு. சாளைக் கருவாட்டுக் குழம்பு, பழைய நெத்திலிக் கருவாட்டில் வறுவல், சோறு. 90 ரூபாய். இந்த மூன்று நாளில் சாப்பிட்டதில் இதுதான் உசத்தி. பரிமாறின அம்மா ஒற்றைச் செருப்பைப் பார்த்துவிட்டு, உள்ளே போய் ஒரு பழைய ஜோடியைக் கொண்டுவந்து போட்டார். காசு வாங்கவில்லை. "கடலுக்குக் குடுத்தியளா? நல்லது" என்றார்.

டிசம்பர் 18, பெரியதாழை, மணப்பாடு

காற்று குறையவில்லை. வானமும் குறையாத நீலம். உவரியில் ஒரு பனங்கிழங்குக் கட்டு வாங்கிக்கொண்டேன், 50 ரூபாய், அவித்தது. பதநீர் கேட்டேன், மார்கழியில் பதநீர் கேட்கிற ஆளா என்று பார்த்தார்கள். நான் ஊருக்குப் புதுசு என்பது என் வாயாலேயே தெரிந்துவிடுகிறது.

பெரியதாழையில் தூண்டில் வளைவு போட்டிருக்கிறார்கள். கல்லைக் கடலுக்குள் கை மாதிரி நீட்டி வைத்திருப்பது. அதன் ஒரு பக்கம் மணல் சேர்ந்து மைதானம். இன்னொரு பக்கம் கடல் அரித்துத் தின்கிறது. வருஷத்தில் பெரும்பகுதி தென்மேற்கு அலை மணலை வடக்கே தள்ளுகிறது. வாடைக்காலத்தில் கொஞ்ச மாதம் மணல் தெற்கே திரும்பும், ஆனால் தள்ளினது அத்தனையும் திரும்புவதில்லை. கல் நடுவே நின்று மறித்துவிடுகிறது. ஒரு ஊருக்குக் கல் போட்டால் பக்கத்து ஊர் கேட்கிறது, அந்த ஊருக்குப் போட்டால் அதற்குப் பக்கத்து ஊர். கல்மேல் நடந்து நுனிவரை போகலாம் என்று கிளம்பினேன். பாதியில் பாசி வழுக்கி உட்கார்ந்தேன். கௌரவமாக உட்கார்ந்த மாதிரி பாவித்துக்கொண்டு கொஞ்ச நேரம் கடலைப் பார்த்தேன். கால்சட்டை இன்னும் காயவில்லை.

மணப்பாடு வேறு உலகம். மணல்குன்று கடலுக்குள் நீண்டு மூக்கு மாதிரி நிற்கிறது. மேலே திருச்சிலுவைக் கோயில், கலங்கரை விளக்கம், கீழே கடலோரத்தில் 1542-இல் வந்த புனித சவேரியார் தங்கினதாகச் சொல்லும் குகை. குன்றில் ஏறினதும் காற்று என்னை ஒரு பக்கமாகச் சாய்த்தது. மணல் முகத்தில் ஊசி மாதிரி குத்துகிறது. கண்ணாடி போட்டிருந்ததால் தப்பித்தேன், மூக்கு தப்பவில்லை.

மூக்கின் ரெண்டு பக்கமும் ரெண்டு கடல். தெற்குப் பக்கத்தில் அந்தத் தூரத்து அலை சாவகாசமாக வந்து உருண்டு உடைகிறது, கண்ணாடி மாதிரி பச்சை. வடக்குப் பக்கத்துக் குடாவில் குழம்பின பழுப்பு, குட்டை அலை, நுரை. வலை காயப்போட்டிருந்த ஒருவர் சொன்னார்: கச்சான் காலத்தில் அப்படியே தலைகீழ். அப்போது வடக்குக் குடா குளம் மாதிரி கிடக்கும், வள்ளமெல்லாம் அங்கேதான். இப்போது அந்தப் பக்கம்தான் காற்றுக்கு முகம். "கடலு கலங்கினா றால் படும் சார். போகத்தான் விடலை" என்று சிரித்தார். மழைத்தண்ணீர் இறங்கிக் கலங்கின கடலில் இறால் கிடைக்கும் என்பது இங்கே எல்லோரும் சொல்கிற கணக்கு.

அங்கே வைத்து அக்கா மகனுக்கு வீடியோ எடுத்து அனுப்பினேன். அவன் பதில்: "இதா மாமா காத்து? ஆறு ஏழு இருக்கும். இங்க டீ குடிப்போம்." எனக்குக் கொஞ்சம் ரோஷம் வந்தது. உன் கப்பல் தொண்ணூறு மீட்டர் இரும்பு, இங்கே முப்பதடி ஃபைபர், கூரை கிடையாது, நாலு பேர் என்று எழுதினேன். கொஞ்ச நேரம் கழித்து ஒலிப்பதிவு அனுப்பினான்: "சரிதான் மாமா. ஆனா இங்க தண்ணியில விழுந்தா காத்து கொல்லாது, குளிர் கொல்லும். ரப்பர் சூட் இல்லாம டெக்குக்கே விட மாட்டாவ. உங்க கடல் எவ்வளவு?" இங்கே கடல் இருபத்தாறு, இருபத்தேழு டிகிரி வாக்கில். மார்கழியிலும் குளிக்கலாம். விழுந்தவன் குளிரில் சாக மாட்டான், நாள்கணக்கில் மிதப்பான். எது கொடுமை என்று நாங்கள் இருவரும் எழுதிக்கொள்ளவில்லை.

ஊருக்குள் ஓட்டு வீடுகளுக்கும் பெரிய மாடி வீடுகளுக்கும் நடுவே நடந்தபோது ஒரு வீட்டு வாசலில் கிறிஸ்துமஸ் குடில் கட்டிக்கொண்டிருந்தார்கள். வைக்கோல் கூரை மூன்றாவது தடவையாகப் பறந்ததாம். கடைசியில் பழைய வலையைப் போர்த்திக் கட்டிவிட்டார்கள். பாலன் இயேசு வலைக்குள் பத்திரம்.

டிசம்பர் 19, திருச்செந்தூர், காயல்பட்டினம்

திருச்செந்தூர் கடற்கரையில் எனக்குத் தெரிந்த சரிவு இல்லை. சின்ன வயதில் ஓடி இறங்கின மணல் இப்போது இடுப்பளவுக்குமேல் வெட்டினதுபோல் செங்குத்தாக நிற்கிறது. அந்த இடத்தில் கயிறு கட்டி ஆட்களை இறங்க விடாமல் வைத்திருந்தார்கள். நான் கேட்ட நாலு பேர் நாலு காரணம் சொன்னார்கள்: அமாவாசை, சுனாமி, கல் போட்டது, கலிகாலம். அமாவாசைதான் சரியாகப் பொருந்தவில்லை. இந்தக் கரையில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் உள்ள வித்தியாசம் பெரிய நாளில்கூட ஒரு மீட்டர் தேறாது.

முங்கு போட்டேன், வழக்கம்போல ரெண்டு. தண்ணீர் பழுப்பு. நாழிக்கிணற்றில் அதே பழைய ஆச்சரியம்: கடலுக்கு இவ்வளவு பக்கத்தில் உப்பில்லாத தண்ணீர். வரிசையில் முன்னால் நின்ற அம்மாள் என் தலையிலும் சேர்த்து ஊற்றிவிட்டார். கேட்கவில்லை, மன்னிப்பும் இல்லை. நன்றாகத்தான் இருந்தது.

காயல்பட்டினத்தில் சாயங்காலம் ஒரு தெருக்கடையில் சூடாக வாடா வாங்கித் தின்றேன். அரிசிமாவில் உள்ளே றால் வைத்துப் பொரிப்பது. ஒன்று 15 ரூபாய், மூன்று தின்றேன். கடைக்காரர் 2023 டிசம்பரைச் சொன்னார். 17-ஆம் தேதி பிடித்த மழை, மறுநாள் காலை அளந்தபோது இந்த ஊரில் மட்டும் 95 சென்டிமீட்டர். தமிழ்நாட்டில் ஒரு வருஷத்தில் சராசரியாகப் பெய்கிற அளவு. சுவரில் தண்ணீர் நின்ற கோட்டை இன்னும் அழிக்காமல் வைத்திருக்கிறார். "வெள்ளை அடிச்சா மறந்துரும் காக்கா" என்றார். இங்கே அண்ணன் என்பதற்குக் காக்கா. முதல் தடவை என்னை யாரோ அப்படிக் கூப்பிடுகிறார்கள். காக்கையாகிவிட்டேனோ என்று ஒரு வினாடி விழித்தேன்.

அதே 17-ஆம் தேதி ராத்திரிதான் திருச்செந்தூரிலிருந்து கிளம்பின ரயில் ஸ்ரீவைகுண்டத்தில் நின்றது. நூற்றுக்கணக்கான பேர் வெள்ளத்துக்கு நடுவே. எங்கள் ஆறுதான் அது. நாங்கள் முங்கி விளையாடின தண்ணீர் இங்கே வந்து வீட்டுக்குள் ஏறியிருக்கிறது. கல்லிடைக்குறிச்சி என்று ஊர்ப்பேரைச் சொல்லக் கொஞ்சம் கூச்சமாக இருந்தது.

ராத்திரி ஒன்பது மணிக்குக் காற்று நின்றது. மூன்று நாளாகக் காதில் இருந்த இரைச்சல் திடீரென்று இல்லை. உவரிப் பெரியவர் சொன்னது நினைவுக்கு வந்தது. புறப்படும்போது என் குடையைப் பார்த்துச் சொன்னார்: "இப்ப குடை எதுக்கு? வாடை அடிக்கும்போது மழை இல்லை. தாழ்வு மேக்க நகரும், காத்து பைய கொண்டலுக்குத் திரும்பும். அப்ப எடுங்க குடையை." கொண்டல் கிழக்குக் காற்று. தாழ்வுப் பகுதி இலங்கைக்குத் தெற்கே இருக்கும்வரை நம் கரையில் உலர்ந்த வடகிழக்குக் காற்றை இழுத்துக்கொண்டிருக்கும். மாலத்தீவு, லட்சத்தீவுப் பக்கம் நகர்ந்துவிட்டால் கிழக்கும் தென்கிழக்கும் கடலின் ஈரத்தை அள்ளி மலைவரை கொண்டுபோகும். மாஞ்சோலை மேலே ஊத்து, நாலுமுக்கு எல்லாம் மழைக்கணக்கில் முதலில் வருவது அப்படித்தான்.

அந்தக் குடை மணப்பாட்டிலேயே கம்பி மடங்கிச் செத்துப்போயிருந்தது. குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டு வந்திருந்தேன்.

டிசம்பர் 20, திரும்பவும் உவரி, பிறகு வீடு

நேரே ஊருக்குப் போகவேண்டியவன். அதிகாலையில் தடை விலகினது என்று கேள்விப்பட்டு முதல் பஸ்ஸில் உவரிக்கே திரும்பினேன். வீட்டில் இதற்கும் திட்டு.

போய்ச் சேரும்போது விடிந்துவிட்டது, வள்ளங்கள் போய்விட்டன. மணலில் இழுத்த தடம் மட்டும். கிழக்கே கருத்துக்கொண்டு வந்தது. எட்டு மணிக்கு மழை பிடித்தது; திருநெல்வேலி ஆட்கள் சொல்கிற மாதிரி சவத்து மழை. டீக்கடைப் படுதாவுக்குக் கீழே நாங்கள் பதினைந்து பேர் தோளோடு தோள். மழை ஒழுகுகிற ஓட்டைக்குக் கீழே நான்.

"பாருங்க" என்றார் அக்கா. "வெயிலடிச்சப்ப போகாதேன்னாவ. மழையில போயிருக்காவ."

மழைக்குள் வள்ளங்கள் ஒவ்வொன்றாக வந்தன. காற்றில்லை. கடல் எண்ணெய் ஊற்றினதுபோலப் படிந்து கிடந்தது, மழைத்துளி விழுந்து புள்ளி புள்ளியாக. பொருமின இளைஞனின் வள்ளத்தில் நெத்திலியும் கொஞ்சம் றாலும். கரையிலேயே ஏலம். இத்தனை நாள் யாரும் போகாததால் விலை ஏறிக் கிடந்தது. அவன் முகம் அன்றைக்கு மாதிரி இல்லை. பெரியவர் கடலுக்குப் போகிறதில்லை இப்போதெல்லாம், வலைமேல் தார்ப்பாயைப் போட்டு மூடிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும், "குடை எங்க?" என்றார்.

இரண்டு கிலோ நெத்திலி வாங்கினேன். ஐஸ் போட்டு, பிளாஸ்டிக் பையில் கட்டி, அதை இன்னொரு பையில் கட்டி, மேலே மஸ்கோத் அல்வாப் பொட்டலம். திசையன்விளை தாண்டினதும் ஐஸ் உருகி ஒழுக ஆரம்பித்தது. பின்சீட்டுக்காரர் காலைத் தூக்கி வைத்துக்கொண்டார். நடத்துநர் வந்து பார்த்தார். வேறு நடத்துநர்தான், ஆனால் முகத்தில் அதே நிதானம். "மீனுக்கு லக்கேஜ் போடணும் சார்." போட்டேன். "தண்ணிக்குத் தனியா போடணுமா?" என்றேன். அவர் சிரிக்கவில்லை.

பாளையங்கோட்டையில் இறங்கும்போது அல்வாவில் நெத்திலி வாசம். வீட்டில் அதைத் தொட ஆளில்லை. நெத்திலியை மட்டும் சாம்பலும் உப்பும் போட்டு உரசிக் கழுவி, மாங்காய் போட்டுக் குழம்பு வைத்தாள் மனைவி. நார்வேக்குப் படம் அனுப்பினேன். பதில் வர ரெண்டு மணி நேரமாயிற்று.

"மாமா, இங்க இன்னைக்குக் காத்து ஒன்பது. ஹார்பரை விட்டுப் போக வேண்டாம்னு சொல்லிட்டாவ. சும்மா உக்காந்திருக்கோம். குழம்புல புளி போட்டியளா?"